வெந்நீர்ச் செலவும் வீட்டின் காற்றும்

தமிழ்நாட்டிலிருந்து தில்லி மாநகரத்திற்கு வந்து குடியேறும் குடும்பங்கள் இங்குள்ள மொழிக்கும் உணவுக்கும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் பழகிவிடுகின்றன. எத்தனை ஆண்டுகள் சென்றாலும் பழகாத ஒன்று உண்டு. அது, மார்கழி தை மாதங்களில் குழாயிலிருந்து விழும் தண்ணீர். ஜனவரி மாதத்தில் இந்நகரின் இரவு உஷ்ணநிலை சராசரியாக 7 டிகிரி செல்ஸியஸ் அளவிற்கு இறங்கிவிடுகிறது. மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த நீர் விடியற்காலையில் குழாய்வழி வரும்போது, அதைக் கையால் தொடுவதற்கே துணிவு வேண்டியிருக்கிறது. பொழுது புலருமுன் நீராடிக் கோலமிட்டு வழிபடும் வழக்கத்தை விடாத நம் இல்லங்களில், குளிர்காலத்து வெந்நீரை ஆடம்பரம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அது அன்றாடத் தேவையாகும்.

அந்த வெந்நீருக்காக எரியும் வாயுவிற்கு நாம் கொடுக்கும் விலை இருவகைப்பட்டது. ஒன்று பணம்; சிலிண்டர் முன்னைவிட விரைவில் தீர்ந்துபோவதைக் கண்டு ஒவ்வோர் இல்லத்தரசியும் இதனை உணர்ந்திருப்பார். மற்றொன்று காற்று. எரியும் நெருப்பு ஒவ்வொரு விநாடியும் வீட்டின் காற்றைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. இதற்குப் பற்றுச்சீட்டு வருவதில்லையாதலால் நாம் கணக்கு வைப்பதில்லை. முதற்செலவைக் குறைப்பதற்கு வழிகள் பல உள. இரண்டாவதைக் குறைக்க முற்படுவதோ உயிருக்கே ஆபத்தாக முடியும். சூட்டைச் சேமிக்கலாம், காற்றைச் சேமிக்கலாகாது. இவ்வேறுபாட்டை நம் குடும்பங்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பாய்லர் கற்பிக்கும் பாடம்

நம் ஊர்களில் பாட்டனார் காலத்து வீடுகளில் செம்புப் பாய்லர் ஒன்று இருந்ததைப் பலரும் கண்டிருக்கலாம். நடுவே ஒரு புகைக்குழாய். அதனைச் சூழ்ந்து தண்ணீர். அடியில் விறகோ கரியோ தேங்காய் மட்டையோ எரியும். நெருப்பின் சூடு குழாய்வழி மேலேறும்போது சுற்றியுள்ள நீர் அதனை வாங்கிக்கொள்ளும். எஞ்சிய புகை மேலே போய்விடும். பாய்லர் இல்லாத வீடுகளில் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பும் தவலையும் அவ்வேலையைச் செய்தன. நெருப்பின் சூடு எவ்வளவுக்கு எவ்வளவு நீரைத் தொட்டுச் செல்கிறதோ அவ்வளவுக்கு விறகு மிச்சமாகும் என்ற தத்துவத்தை அந்தச் செம்புக் கொல்லர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அப்பாய்லரில் கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. அது பெரும்பாலும் கொல்லையிலோ, தாழ்வாரத்திலோ, கூரை உயர்ந்து காற்றோட்டம் மிகுந்த இடத்திலோதான் வைக்கப்பட்டிருந்தது. நெருப்புக்குக் காற்று வர வழியும், புகை போக வழியும் தாமாகவே அமைந்திருந்தன. அதனால் அவற்றைப்பற்றி எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை நம் முன்னோருக்கு எழவில்லை.

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலைமை வேறு. பாய்லர் செய்த அதே வேலையைச் சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டி இப்பொழுது செய்கிறது. காஸ் கீஸர் எனப்படும் அப்பெட்டியினுள் வாயு எரிகிறது. அதற்கு மேலுள்ள செம்புக் குழாய்ச் சுருளின் வழியே தண்ணீர் ஓடிச் சூடாகி வெளிவருகிறது. தத்துவம் பழைய பாய்லரின் தத்துவமே. ஆனால் கொல்லைப்புறம் மட்டும் நம்முடன் வரவில்லை. ஐந்தடி அகலமும் ஏழடி நீளமுமுள்ள குளியலறையின் சுவரில், சாத்திய கதவுக்குப் பின்னே, அந்நெருப்பு எரிகிறது. பணச்செலவு, காற்றுச்செலவு ஆகிய இரண்டையும் நாம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய காரணம் இதுவே.

ஒரு வாளி வெந்நீரின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். குளிப்பதற்கு 20 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி நீர் தேவை என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலக் காலையில் குழாய்நீர் 15 டிகிரி இருப்பதாகவும், குளிப்பதற்கு 40 டிகிரி வேண்டும் என்றும் கொண்டால், 25 டிகிரி உயர்த்த வேண்டும். ஆக ஒரு வாளிக்கு 500 கிலோ கலோரி. சென்னையில் குழாய்நீர் 28 டிகிரி இருக்குமாயின் அதே வாளிக்கு 240 கிலோ கலோரி போதும். இங்கே வந்தபின் வெந்நீர்ச் செலவு இரண்டு மடங்காகிவிட்டதே என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

சிலிண்டரில் வரும் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 10,900 கிலோ கலோரி வெப்பம் பிறக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு நீருக்குச் சேர்கிறதென்று கொண்டால், ஒரு வாளிக்குச் சுமார் 57 கிராம் வாயு செலவாகும். 14.2 கிலோ கொண்ட ஒரு வீட்டுச் சிலிண்டர் ஏறத்தாழ 250 வாளி வெந்நீர் தரும். நால்வர் உள்ள குடும்பம் நாளொன்றுக்கு நான்கு வாளியாகச் செலவிட்டால், மாதத்தில் 120 வாளி. அதாவது அரைச் சிலிண்டருக்குச் சற்றுக் குறைவு.

தில்லியில் பல குடியிருப்புகளுக்குக் குழாய்வழியே இயற்கை எரிவாயு வருகிறது. 1998-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திரப்பிரஸ்த காஸ் நிறுவனம் இதனை வழங்குகிறது. இவ்வாயு ஒரு கனமீட்டர் எரிந்தால் சுமார் 8,500 கிலோ கலோரி கிடைக்கும். மேற்கண்ட கணக்குப்படி 13 அல்லது 14 வாளி வெந்நீராகும். மின்சாரக் கீஸராயின், ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். தொட்டியில் நின்று ஆறும் சூட்டைக் கழித்தால், இரண்டு யூனிட்டுக்கு மூன்று வாளி என்று கொள்ளலாம். சிலிண்டரின் விலையை 250-ஆலும், ஒரு கனமீட்டர் குழாய்வாயுவின் விலையை 13-ஆலும், இரண்டு யூனிட் மின்சாரத்தின் விலையை 3-ஆலும் வகுத்துப் பார்த்தால், தங்கள் வீட்டில் எது சிக்கனம் என்பதை ஒவ்வொருவரும் தாமே தெரிந்துகொள்ளலாம். விலைகள் மாறினாலும் இக்கணக்கு மாறாது.

சூடு வீணாகும் வழிகள்

இனி, இந்தச் சூடு எங்கெங்கே கசிந்து போகிறது என்று பார்ப்போம். கீஸர் இல்லாத வீடுகளில் அடுப்பிலேயே வெந்நீர் வைக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடு இருக்க வேண்டும். ஆனால் அது சோதனைச்சாலையில், மூடியிட்ட பாத்திரத்தில், தூய்மையான பர்னரில் அளந்து கண்ட அளவு. நம் சமையலறையில் பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் சுவாலை ஏறும்படி எரியவிட்டால், அவ்வாறு ஏறும் நெருப்பு சுவரையும் காற்றையும்தான் சூடாக்கும். அகன்ற தட்டையான அடியுள்ள பாத்திரத்தை வைத்து, சுவாலை அடியின் விளிம்பைத் தாண்டாதபடி அடக்கி எரிப்பதே சரியான முறை.

மூடி போடுவதன் அருமையை ஓர் எண்ணால் விளக்கலாம். கொதிக்கும் நீர் ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால், அதனுடன் சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் போய்விடுகிறது. மேலே நாம் கண்ட ஒரு வாளிக் குளியலுக்குத் தேவையான வெப்பம் 500-தான். ஆகவே, திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு லிட்டரை ஆவியாக விடுபவர், ஒரு வாளி வெந்நீரைச் சாக்கடையில் கொட்டியவருக்கு ஒப்பாவார். குளிப்பதற்கு நீர் கொதிக்க வேண்டுவதே இல்லை. மூடிய பாத்திரத்தில் கை பொறுக்காத சூடு வந்தவுடன் இறக்கி விளாவிக்கொண்டால் போதும்.

கீஸர் வைத்திருப்போரும் இதே தவற்றைச் செய்வதுண்டு. திருகை உச்சத்தில் வைத்து நீரை 60 டிகிரிக்குமேல் சூடாக்கி, பிறகு குளிர்ந்த நீரைக் கலந்து 40-க்குக் கொண்டுவருகிறார்கள். சூடு மிகுந்த நீர், வரும் வழியெல்லாம் குழாயில் சூட்டை இழக்கிறது. கலவாமல் நேரே குளிக்கத்தக்க அளவில் திருகை வைத்துக்கொள்வது நன்று. கீஸரிலிருந்து குழாய்வாய் வரை உள்ள தூரத்தையும் கவனிக்க வேண்டும். அரை அங்குலக் குழாயில் பத்து மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 1.8 லிட்டர் நீர் நிற்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அத்தனை குளிர்ந்த நீர் வெளியேறிய பிறகே வெந்நீர் வரும். மூடியபின் அத்தனை வெந்நீர் குழாயிலேயே கிடந்து ஆறும். ஆதலால் கை கழுவுவதற்கும், ஒரு குவளை கழுவுவதற்கும் வெந்நீர்க் குழாயைத் திறப்பது வீண். அவ்வாறு நிகழும் இழப்பு சிறிதேயாயினும், ஒரு நாளைக்குப் பத்து முறை என்றால் சேர்ந்துவிடும். வெளியே ஓடும் குழாய்க்கு நுரைப்பஞ்சு உறை அணிவிப்பதும் பயன் தரும்.

அடுத்தது சுண்ணப் படிவு. ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் வரும் பகுதிகளில் நீரில் உப்பு மிகுதி. சூடாகும்போது அந்நீர் செம்புச் சுருளின் உட்புறத்தில் வெள்ளைக் காறையாகப் படிகிறது. இக்காறை செம்பைவிட நூறு மடங்குக்கும் மேலாக மந்தமாய் வெப்பத்தைக் கடத்துவது. படிவு தடிக்கத் தடிக்க, சூடு நீருக்குச் செல்லாமல் புகையோடு வெளியேறும். நீரின் வேகம் குறைவதும், முன்னைப்போல் சூடேறாதிருப்பதும் இதன் அடையாளங்கள். குளிர்காலம் தொடங்குமுன், ஐப்பசி மாதத்திலேயே, தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு சுருளையும் பர்னரையும் சுத்தம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தைத் தேர்ந்துகொள்வதும் ஒரு சிக்கனமே. சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விடியற்காலையிலேயே முடிக்க வேண்டும் என்ற நியதி ஏதுமில்லை. வெயில் ஏறி மாடித் தொட்டியின் நீர் 15 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு வந்தபின் குளித்தால், வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகிறது. சூரியன் அத்தொகையை இலவசமாகத் தருகிறான். முதியோருக்கும் அந்நேரக் குளியலே உடம்புக்கு இதம்.

காற்றின் கணக்கு

இதுகாறும் கூறியவை பணத்தைப் பற்றியன. இவற்றுள் ஒன்றைச் செய்யத் தவறினாலும் சில ரூபாய்கள்தாம் நட்டம். இனிக் கூறப்போவது அத்தகையதன்று.

சிலிண்டர் வாயு ஒரு கிலோ முழுமையாக எரிவதற்குச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும். பரும அளவில் அது ஏறத்தாழ 12 கனமீட்டர். ஐந்தடிக்கு ஏழடி அகல நீளமும் எட்டடி உயரமும் உள்ள குளியலறையில் அடங்கிய காற்று மொத்தம் எட்டுக் கனமீட்டர்தான். நிமிடத்திற்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் கீஸர், மேலே சொன்ன குளிர்காலக் கணக்குப்படி, நிமிடத்திற்குச் சுமார் 17 கிராம் வாயுவை எரிக்கிறது. பத்து நிமிடத்தில் 170 கிராம். அதற்கு வேண்டிய காற்று இரண்டு கனமீட்டருக்கும் மேல். கதவும் சன்னலும் அடைபட்டிருந்தால், ஒருவர் ஷவரின்கீழ் நின்று குளித்து முடிப்பதற்குள் அவ்வறையின் பிராணவாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அந்நெருப்பு உண்டுவிடுகிறது. அடுத்தவர் உடனே உள்ளே சென்று குளித்தால், எஞ்சியதிலிருந்து மேலும் ஒரு பங்கு போகும்.

பிராணவாயு குறையும்போது நெருப்பு உடனே அணைந்துவிட்டால் நமக்கு ஓர் எச்சரிக்கையாக இருக்கும். ஆனால் அது அணையுமுன் அரைகுறையாக எரியத் தொடங்குகிறது. முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். அரைகுறையாக எரிந்தாலோ கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ மூக்கையோ உறுத்தும் தன்மையும் இல்லை. சிலிண்டர் வாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வருகிறதே என்று சிலர் நினைக்கலாம். அந்நாற்றம், கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே எரியாத வாயுவில் கலக்கப்படுவது. எரிந்தபின் பிறக்கும் நச்சுவாயுவில் அது இராது.

நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற பொருள், பிராணவாயுவைவிட இந்நச்சுவாயுவை இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயு அமரவேண்டிய இடத்தில் நச்சு அமர்ந்துவிடுவதால், மூச்சு நடந்துகொண்டிருக்கும்போதே உடம்பு மூச்சின்றித் தவிக்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், கைகால் தளர்ச்சி. ஆபத்தை உணர்ந்து கதவைத் திறக்க எண்ணும்போது, எழுந்து தாழ்ப்பாளை நீக்கும் வலிமை கால்களில் இருப்பதில்லை. குளியலறைக் கதவு உட்புறம் தாழிடப்பட்டிருப்பது வெளியே உள்ளவர்களின் உதவியையும் தாமதிக்கச் செய்கிறது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடஇந்தியச் செய்தித்தாள்களில் இத்தகைய மரணங்கள் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. கீஸரால் மட்டுமன்று, அங்கீட்டி எனப்படும் கரிக்கணப்பினாலும் இவை நேர்கின்றன. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில், தில்லியிலேயே இரு வேறு வீடுகளில், இரவில் அறையை அடைத்துக் கணப்பு மூட்டி உறங்கியவர்களுள் ஆறு பேர் விடியுமுன் இறந்து கிடந்தனர். தணலில் புகை அடங்கிவிட்டது என்பதால் அது தீங்கற்றதாகிவிடுவதில்லை. புகையின்றிக் கனலும் கரியே இந்நச்சுவாயுவை மிகுதியாக வெளிவிடுவது.

தவறான சிக்கனம்

குளிர்காற்று உள்ளே வராதிருக்கட்டும் என்று குளியலறையின் மேற்சன்னலைச் செய்தித்தாளாலும் பழந்துணியாலும் அடைப்பது இந்நகரில் பல வீடுகளில் காணும் காட்சி. கதவின் கீழ் இடுக்கையும் துணியால் மூடிவிடுகிறார்கள். சூட்டை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் செய்யும் இக்காரியம், நெருப்புக்கு உணவு வரும் வழியையும் நஞ்சு வெளியேறும் வழியையும் ஒருசேர அடைத்துவிடுகிறது. நெருப்பு எரியாத அறைக்கு ஒரு நீதி, எரியும் அறைக்கு வேறு நீதி என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். படுக்கையறையின் சன்னல் இடுக்குகளை அடைக்கலாம், கனத்த திரையிடலாம், தரையில் ஜமுக்காளம் விரிக்கலாம், பகலில் தெற்குப்பக்கத்து வெயிலை உள்ளே விட்டு, மாலையில் சன்னலைச் சாத்திச் சூட்டைக் காக்கலாம். அவையெல்லாம் நல்ல சிக்கனமே. வாயுவோ கரியோ எரியும் அறையில் இவற்றைச் செய்யலாகாது.

குளிர்நாட்டார் இதனை எங்ஙனம் தீர்த்தார்கள் என்பதையும் அறிந்துகொள்வது நலம். நம் குடும்பங்களுள் பலவற்றில் பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களைக் காணச் சென்றவர்கள், வீட்டின் நிலவறையில் எரிவாயுவால் இயங்கும் உலை ஒன்று இருந்து வீடு முழுவதற்கும் வெப்பக்காற்றை அனுப்புவதைப் பார்த்திருப்பார்கள். அங்குப் பழைய உலைகள் வாயுவின் வெப்பத்தில் 56 முதல் 70 விழுக்காடுவரைதான் வீட்டிற்குத் தந்தன. எஞ்சியது புகைபோக்கி வழியே வானத்துக்குப் போயிற்று. 1992-ஆம் ஆண்டு முதல் புதிய உலைகளுக்குக் குறைந்த அளவாக 78 விழுக்காடு என்று அமெரிக்க அரசு விதித்தது. இப்பொழுதைய சிறந்த உலைகள் புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து நீராக்கி, அதன் மறைவெப்பத்தைப் பறித்துக்கொள்வதால் 90 விழுக்காட்டிற்கு மேல் தருகின்றன.

இவ்வுலைகளுள் பலவற்றில் எரியும் அறை முற்றும் மூடப்பட்டிருக்கும். அது தனக்கு வேண்டிய காற்றை ஒரு குழாயின் வழியே வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு, புகையை வேறொரு குழாயின் வழியே வெளியே விடுகிறது. வீட்டின் காற்றை அது தொடுவதில்லை. அதனால்தான் அங்கே சன்னல்களையெல்லாம் இறுக அடைத்துச் சூட்டைக் காக்க முடிகிறது. நம் சுவரில் தொங்கும் கீஸரோ வீட்டின் காற்றையே உண்டு, வீட்டினுள்ளேயே மூச்சு விடுகிறது. அவர்கள் கதவடைப்பதைப் பார்த்து நாமும் அடைப்பது பொருந்தாது.

செய்யத் தக்கவை

முதலாவதாக, கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியிலோ பின்கட்டுத் திறந்தவெளியிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய்வழி உள்ளே கொண்டுவருவதே தலைசிறந்த ஏற்பாடு. குழாயின் நீளத்தால் சிறிது சூடு வீணாகுமென்றால் ஆகட்டும். அந்த 1.8 லிட்டரைக் காட்டி நெருப்பை உள்ளே அழைக்க வேண்டா.

இரண்டாவதாக, வேறு வழியின்றிக் கீஸர் உள்ளேயே இருக்குமாயின், அடைக்க முடியாத இரு துவாரங்கள் அவ்வறைக்கு இருக்க வேண்டும். தரையருகே ஒன்று, கூரையருகே ஒன்று. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். குழாய்வழி வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே சேரும். எரிந்து வரும் சூடான புகையும் மேலேறும். எக்ஸாஸ்ட் விசிறி வைத்திருப்போர், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி உண்டா என்று பார்க்க வேண்டும். வழியில்லாவிடில் விசிறி கீஸரின் புகையையே அறைக்குள் இழுத்துவிடக் கூடும். விசிறி இருக்கிறதே என்று சன்னலை அடைப்பதும் தவறு.

மூன்றாவது, நம் பழைய வழக்கமே. ஷவரின்கீழ் பத்து நிமிடம் நின்றால் 60 லிட்டர் வெந்நீர் செலவாகும்; அது மூன்று வாளிக்குச் சமம். நால்வர் குடும்பம் நாள்தோறும் அவ்வாறு குளித்தால் மாதத்திற்கு ஒன்றரைச் சிலிண்டர் வேண்டும். வாளியும் சொம்புமாகக் குளிப்பவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். கதவையும் சன்னலையும் திறந்து வைத்தபடி வாளியை நிரப்பிக்கொள்க. மூன்றரை நிமிடத்தில் நிரம்பிவிடும். பிறகு கீஸரை அணைத்து, வாயுத் திருகையும் மூடிவிட்டு, புகை கலைந்தபின் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கலாம். ஒருவர் உள்ளிருக்கையில் கீஸர் எரியவே கூடாது என்பதை வீட்டு விதியாக்கிவிட வேண்டும். பணமும் உயிரும் ஒரே பழக்கத்தால் காக்கப்படுவது இவ்விஷயத்தில் நமக்கு வாய்த்த நல்வினை.

நான்காவது, சுவாலையின் நிறத்தைக் கவனித்தல். நீல நிறமாக, அமைதியாக எரிந்தால் வாயு நன்கு எரிகிறது. மஞ்சளாக, நாக்கு நீட்டி எரிந்தாலும், பாத்திரத்தின் அடியிலோ கீஸரின் மேற்புறத்திலோ கரி பிடித்தாலும், காற்றுப் போதவில்லை அல்லது பர்னர் அடைபட்டிருக்கிறது என்று பொருள். இதனால் வாயுவும் வீண், ஆபத்தும் அருகில். பழுது நீக்கும்வரை அதனைப் பயன்படுத்தலாகாது. கார்பன் மோனாக்ஸைடைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இப்பொழுது கடைகளில் கிடைக்கின்றன. நெருப்பு எரியும் அறைக்கு அருகே ஒன்றை மாட்டி வைப்பது விரும்பத்தக்கது.

வாடகை வீட்டில் இருப்போருக்கும், தேர்வுகளுக்குப் படிப்பதற்காகத் தனியே வந்து கரோல் பாக், ராஜேந்திர நகர் போன்ற இடங்களில் சிற்றறைகளில் தங்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். வீட்டுக்காரர் மாட்டி வைத்ததை மாற்றச் சொல்லுவதற்குக் கூச்சப்பட வேண்டா. முன்பணம் கொடுக்குமுன், தண்ணீர் வருமா, மின்சாரம் நிற்குமா என்று கேட்பதைப் போலவே, குளியலறையில் காஸ் கீஸர் உண்டா, அவ்வறைக்கு வெளிக்காற்று வரும் சன்னல் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள பெற்றோர், பிள்ளையிடம் சாப்பாட்டைப்பற்றி விசாரிக்கும்போது இதனையும் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

ஆபத்து நேர்ந்தால்

குளிக்கச் சென்றவர் நெடுநேரம் வரவில்லையென்றால் குரல் கொடுங்கள். விடை வராவிடில் தாமதிக்காமல் கதவைத் திறக்க முயலுங்கள். தாழ்ப்பாள் உடைந்தாலும் உடையட்டும். திறந்தவுடன் வாயுவை அணைத்து, சன்னல்களையெல்லாம் திறந்து, மயங்கியவரைத் திறந்தவெளிக் காற்றுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உதவப் போகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே சென்று உடனே வெளிவர வேண்டும். அங்கேயே நின்று எழுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவரும் வீழ்வார். 112 என்ற எண்ணை அழைத்து, காஸ் கீஸர் உள்ள அறையில் மயங்கினார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் அதையே முதலில் கூறுங்கள். அவர்கள் பிராணவாயு கொடுக்க வேண்டியவர்கள். தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தவிர்க்கலாகாது. எரியாத சிலிண்டர் வாயு கசியும் நாற்றம் வந்தால், மின்விசைகளைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து வெளியேறி, 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே காலையில் தலைவலி வந்து, வெளியே சென்றதும் நீங்குமாயின், அதைப் பனியின் குற்றம் என்று தள்ளிவிடாமல் வீட்டின் நெருப்பைச் சோதிக்க வேண்டும்.

குளிர் இந்நகரத்தின் இயல்பு. அதனை நாம் மாற்ற இயலாது. வெந்நீரும் நெருப்பும் நமக்கு வேண்டியவையே. ஆகவே இவ்வாண்டு குளிர் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். பர்னரைத் துடையுங்கள், சுருளைக் கழுவச் செய்யுங்கள், மேற்சன்னலில் சென்ற ஆண்டு திணித்த செய்தித்தாள் இன்னும் இருக்குமாயின் அதைப் பிடுங்கி எறியுங்கள். பக்கத்து வீட்டில் புதிதாய்க் குடிவந்த தமிழ்க் குடும்பம் இருந்தால், அவர்களுக்கும் இதனை எடுத்துக் கூறுங்கள். முதல் குளிர்காலத்தைக் காணப்போகிறவர்களுக்கே இது மிகுதியும் தேவை.